எந்தக் கணினியிலும் திறக்க வேண்டிய பாடம்

பல்கலைக்கழகப் பாடம் ஒன்றை இணையத்தில் ஏற்றும் பேராசிரியர் பெரும்பாலும் ஒரே கணினியில் அமர்ந்து அதைத் தயாரிக்கிறார். அதைப் படிக்கும் மாணவரோ பகலில் கல்லூரி ஆய்வகக் கணினியிலும், மாலையில் பிரவுசிங் சென்டரிலோ நண்பரின் மடிக்கணினியிலோ, இரவில் வீட்டில் கைபேசியிலும் படிக்கிறார். முன்னவரின் கணினியில் தடையின்றித் திறந்த கோப்பு, பின்னவரின் கருவிகளில் ஒன்றில் திறக்காமலே போவதும், மற்றொன்றில் எழுத்துகள் சிதைந்து தெரிவதும், இன்னொன்றில் படம் ஓடியும் ஒலி வராமல் இருப்பதும் புதியவை அல்ல. அப்போதெல்லாம் வேறு உலாவியில் (அதாவது குரோம், ஃபயர்பாக்ஸ் போன்று இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளில்) முயலுமாறும், ஏதேனும் ஒரு மென்பொருளை நிறுவிக்கொள்ளுமாறும், இயலாவிட்டால் வேறு கணினியைத் தேடிக்கொள்ளுமாறும் மாணவருக்கே சொல்லப்படுகிறது. இணையவழிப் பாடங்களின் கால் நூற்றாண்டு வரலாறு இதற்கு நேர்மாறான முடிவையே காட்டுகிறது. பாடம் எல்லாக் கணினிகளிலும் திறக்குமா என்பது அதை வெளியிடும்போதே, வெளியிடுபவராலேயே தீர்மானிக்கப்படுகிறது. மாணவர் பிறகு செய்யக்கூடியது மிகச் சிறிது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) தன் பாடங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்று 2001 ஏப்ரலில் அறிவித்து, 2002 செப்டம்பரில் முதல் தொகுதிப் பாடங்களை வெளியிட்டது. அத்திட்டத்தின் தொடக்கக் காலக் குறிப்புகளும் வினாத்தாள்களும் பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்புகளாக வந்தன, விரிவுரைப் படங்கள் பலவும் அன்று பரவலாக இருந்த ரியல் பிளேயர் என்னும் மென்பொருளுக்கு உரிய வடிவத்தில் வந்தன. 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப்., பக்கத்தின் தோற்றத்தைக் கணினிக்குக் கணினி மாறாமல் காப்பதற்கென்றே உருவான வடிவம். 2008இல் அது ஒரு நிறுவனத்தின் உடைமை என்ற நிலையிலிருந்து பன்னாட்டுத் தரமாக உயர்ந்தது. எனவே அன்று வெளியான குறிப்புகள் இன்றைய கைபேசியிலும் அப்படியே திறக்கின்றன. ரியல் பிளேயர் வடிவத்தில் இருந்த விரிவுரைகளையோ வேறு வடிவத்துக்கு மாற்றி மீண்டும் வெளியிட வேண்டியிருந்தது. ஒரே கழகம், ஒரே காலம், ஒரே ஆசிரியர்கள். கற்பித்தலின் தரத்தில் குறையேதும் இல்லாதபோதும் வடிவத்தின் தேர்வு மட்டுமே ஒன்றுக்கு நீண்ட ஆயுளையும் மற்றொன்றுக்குக் குறுகிய ஆயுளையும் தந்தது.

இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் தேசியத் திட்டமாகும். மும்பை, தில்லி, குவஹாத்தி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, பொறியியல், அறிவியல் பாடங்களை எழுத்துவடிவப் பாடங்களாகவும் படவடிவப் பாடங்களாகவும் உருவாக்கின. அத்திட்டம் தொடங்கிய காலத்தில் பெரும்பாலான கல்லூரிகளின் இணைய வேகம் ஒரு மணி நேர விரிவுரையைப் பார்க்கப் போதாது என்பதை உணர்ந்திருந்ததால், விரிவுரைகளை ஹார்டு டிஸ்க்கில் நிரப்பிக் கல்லூரிகளுக்கு வழங்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. இணையவழிக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இதைத் தற்காலிகச் சமாளிப்பாகக் கடந்துசெல்வதுண்டு. அது சரியான மதிப்பீடு அன்று. கல்லூரியின் உள்வலையமைப்பில் ஒருமுறை ஏற்றப்பட்ட விரிவுரை, வெளி இணைப்பு அறுந்தாலும் ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் ஓடும்; மாணவர் அதைப் பென் டிரைவில் படியெடுத்துக்கொண்டு வீட்டுக்கும் கொண்டுசெல்லலாம். எம்.ஐ.டி.யும் இணைய வசதி குறைந்த பகுதிகளின் பல்கலைக்கழகங்களுக்குத் தன் பாடத்தளத்தின் முழுப் படிகளையே அளித்தது. கோப்பாக இறக்கிக்கொள்ளக்கூடிய பாடமே கணினி மாறினாலும் மாணவரோடு வரும் பாடம் என்பதை இவ்விரு திட்டங்களும் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தன.

கோப்பாக இறக்க முடியாதவையும் பாடத்தில் உண்டு. மின்சுற்றை மாற்றிப் பார்க்கும் பாவனை ஆய்வு, அலைகள் குறுக்கிடுவதைக் காட்டும் அசைவுப்படம் போன்றவை 2000களில் ஃபிளாஷ், ஜாவா ஆகிய இரு தொழில்நுட்பங்களில் ஏராளமாக உருவாக்கப்பட்டன. இவை இரண்டும் உலாவியின் உள்ளே தாமாக இயங்குபவை அல்ல. உலாவியோடு தனியே பொருத்த வேண்டிய செருகுநிரல்களின் உதவியால் இயங்குபவை. செருகுநிரலை நிறுவுவதற்குக் கணினியின் நிர்வாகியாக இருக்க வேண்டும் என்பதால், ஆய்வகத்திலும் நூலகத்திலும் அமர்ந்த மாணவர் பலருக்கு அந்த அசைவுப்படங்கள் வெறும் சாம்பல் நிறச் சதுரங்களாகவே காட்சியளித்தன. பின்னர் செருகுநிரல்களின் பாதுகாப்புக் குறைகள் பெருகவே, குரோம் உலாவி 2015 செப்டம்பரில் ஜாவாவைத் தாங்கிய பழைய செருகுநிரல் முறையை முற்றாகக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷ் தவிர ஏனையவற்றை விலக்கியது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டு, 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கத்தையும் தடுத்தது. எத்தனையோ பேராசிரியர்கள் உழைத்து உருவாக்கிய பாடப்பகுதிகள் இவ்வாறு எந்தக் கணினியிலும் திறக்காத நிலைக்குச் சென்றன. பாடப்பொருளில் பிழை இருந்ததால் அவை நின்றுபோகவில்லை என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்கது.

அதே நெருக்கடியைக் கடந்து நின்ற திட்டம் ஒன்றையும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் திட்டம், அறிவியல் பாவனை ஆய்வுகளை முதலில் ஜாவாவிலும் ஃபிளாஷிலுமே உருவாக்கியது. செருகுநிரல்களின் காலம் முடியப்போவதும் தொடுதிரைக் கருவிகள் பெருகுவதும் தெரிந்தவுடன், அத்திட்டத்தினர் தம் ஆய்வுகளை ஒவ்வொன்றாக எச்.டி.எம்.எல். 5 என்னும், உலாவிகள் தாமாகவே புரிந்துகொள்ளும் பொதுத் தரத்தில் மீண்டும் எழுதத் தொடங்கினர். மீண்டும் எழுதுதல் என்பது வடிவத்தை மாற்றிச் சேமிக்கும் எளிய வேலை அன்று. சுட்டியால் இழுப்பதற்கென அமைந்த பொத்தான்களை விரலுக்கு ஏற்பப் பெரிதாக்குவதும், சிறு திரைக்கு ஏற்ப இடத்தைத் திட்டமிடுவதும் அதில் அடங்கும். புதிய வடிவத்துக்கு வராத பழைய ஜாவா ஆய்வுகளுக்கும், ஜாவா நிறுவப்படாத கணினியின் உலாவியிலேயே அவற்றை இயக்கித் தரும் ஓர் இடைமென்பொருளை அவர்கள் பயன்படுத்தினர். புதிய ஆய்வுகளைத் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமின்றியும் இயக்கலாம். ஆசிரியர் குழு தன் பழைய உழைப்பைப் பாதுகாக்கும் கடமையைப் புதிய உழைப்பால் நிறைவேற்றியதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

தமிழில் எழுதப்பட்ட பாடங்களுக்கு இவை அனைத்துக்கும் முன்பே ஒரு தடை இருந்தது. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒதுக்கீட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி, டாம், டாப், இலங்கையில் மிகுதியும் வழங்கிய பாமினி, தமிழ்நாட்டு அலுவலகங்களில் வேரூன்றிய வானவில் என ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஒதுக்கீட்டை வைத்திருந்தது. ஆகவே ஒரு பாடத்தைத் தட்டச்சு செய்த எழுத்துரு மாணவரின் கணினியில் இல்லாவிட்டால், பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தச் சிதறலைக் குறைக்க முயன்றது. 2001 பிப்ரவரியில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) உலகெங்கும் வாழும் தமிழருக்குப் பாடங்களை வழங்க முனைந்தபோது, எதிரில் இருக்கும் கணினியில் எந்த எழுத்துரு உள்ளது என்று அறிய முடியாத சூழலிலேயே அப்பணியை மேற்கொள்ள வேண்டியிருந்தது. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், விண்டோஸ் வரிசையில் தமிழை ஆதரித்த முதல் இயங்குதளம் விண்டோஸ் 2000தான். அடுத்து வந்த எக்ஸ்.பி.யில்கூட மொழி அமைப்புகளுக்குள் சென்று கூடுதல் வசதி ஒன்றை நிறுவினால்தான் உயிர்மெய்கள் ஒழுங்காக இணைந்து தெரிந்தன. பொதுக் கணினியில் அமர்ந்தவருக்கு அந்த அனுமதி கிடைக்காது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று 2010இல் ஆணையிட்ட பின்னரே அலுவலக வழக்கில் மாற்றம் உறுதிப்பட்டது.

இச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கருதுவது பொருந்தாது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கப்பட்ட பாடநூல்களும் குறிப்புகளும் இன்றும் இணையத்தில் நிறைந்துள்ளன. எழுத்துரு கோப்பினுள்ளேயே பதிக்கப்பட்டிருந்தால் அவை கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது தமிழ் எழுத்துகளின் எண்கள் அல்ல. ஆகவே அக்கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு பத்தியைப் படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். தேடுபொறிகள் அதைக் கண்டறியா. பார்வையற்ற மாணவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தக் குவியலையே உரக்கப் படிக்கும். கண்ணால் காண்பவருக்குத் திறந்ததாகத் தோன்றும் பாடம் மற்றவருக்கு மூடியே இருக்கிறது. இத்தகைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன; மூலக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் துறைகள் அவற்றைப் பயன்படுத்தி மறுவெளியீடு செய்வது எளிது, அதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

கணினியின் வயது அடுத்த தடை. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் கருவிகள் விண்டோஸ் 7 இயங்குதளத்தோடு, மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் தாங்கி வந்தன. முதன்முதலாகக் கணினியைச் சொந்தமாகப் பெற்ற வீடுகள் பல. அக்கருவிகளை மாணவர்கள் தம் தம்பி தங்கையருக்கும் கொடுத்துப் பயன்படுத்துவது இயல்பானது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பே அதில் இயங்கும் கடைசிப் பதிப்பு, 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு விண்டோஸ் 10ஐக் கோரியது. கணிதச் சமன்பாடுகளை இணையப் பக்கத்தில் எழுதுவதற்கான மேத்எம்.எல். என்னும் தரத்தை, 2013இல் விலக்கிய குரோம் அதே 109ஆம் பதிப்பில்தான் மீண்டும் ஏற்றது என்பதையும் இங்கே சேர்த்து நோக்கலாம். அதற்கு முந்தைய பதிப்பில் நின்றுவிட்ட கணினியில் அத்தரத்தை மட்டும் நம்பி எழுதிய சமன்பாடு கலைந்தே தெரியும். மேத்ஜாக்ஸ் என்னும் இலவச நிரலைப் பக்கத்தோடு இணைத்துவிட்டால் பழைய உலாவியிலும் சமன்பாடு ஒழுங்காக அமையும் என்பதால், கணிதப் பாடத்தை ஏற்றுவோர் அதைத் தவிர்ப்பது பொறுப்பான செயல் ஆகாது.

பழைய கணினிகளில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் உண்டாக்கும் தடையை மாணவர்கள் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கின்றனர். ஓர் இணையத்தளம் உண்மையானதுதானா என்பதை உலாவி உறுதிசெய்வது, கணினியில் முன்பே பதிவாகியுள்ள வேர்ச்சான்றிதழ்களைக் கொண்டே. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய வேர்ச்சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பல கருவிகளில் எண்ணற்ற தளங்கள் ஆபத்தானவை என்ற எச்சரிக்கையோடு நின்றுபோயின. நேற்றுவரை திறந்த பாடத்தளம் இன்று திறக்காதபோது மாணவர் தம் கடவுச்சொல்லையோ இணைப்பையோ சந்தேகிப்பது இயல்பு. உண்மையில் பழுது கணினியின் பழைமையில் இருந்தது. கணினியின் தேதி தவறாக இருந்தாலும் இதே எச்சரிக்கை தோன்றும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோன ஆய்வகக் கணினிகளில் இது மிகச் சாதாரணம். தேதியைத் திருத்தினால் போதும்.

விரிவுரைப் படங்களைப் பொறுத்தவரை, இணைய வேகம் நன்றாக இருந்தும் படம் திணறுவதற்குக் காரணம் பல சமயங்களில் சுருக்கமுறையாகும். படக்கோப்பின் அளவைக் குறைக்கும் முறைகளில் எச்.264 பழையது, அதை விரிப்பதற்கான தனிச்சுற்று பழைய கணினிகளிலும் உண்டு. வி.பி.9, 2018இல் வந்த ஏ.வி.1 ஆகியவை இன்னும் குறைந்த தரவில் நல்ல படத்தைத் தருகின்றன. ஆனால் அவற்றுக்கான சுற்று இல்லாத கணினியில் மையச்செயலியே முழு வேலையையும் செய்ய வேண்டியிருப்பதால் விசிறி இரைய, படம் தாவித் தாவி ஓடுகிறது. படத்தின் துல்லியத்தைக் குறைப்பது உடனடித் தீர்வு. கரும்பலகையில் எழுதும் பாடத்தில் அதனால் எழுத்து மங்கும் என்பதால், விரிவுரையின் எழுத்துவடிவத்தையும் உடன் வெளியிடுவது பெரிதும் உதவும். என்.பி.டி.இ.எல். தன் விரிவுரைகள் பலவற்றுக்கு எழுத்துவடிவத்தை வெளியிடுவதும், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்துத் தருவதும் இவ்வகையில் போற்றத்தக்க பணி. கணினியே இல்லாத வீடுகளை எண்ணி 2017 ஜூலையில் 32 அலைவரிசைகளோடு தொடங்கிய ஸ்வயம் பிரபா, டி.டி.எச். வழியே தொலைக்காட்சியில் பாடங்களை ஒளிபரப்பி, ஒரே நாளில் அவற்றைத் திரும்பத் திரும்பவும் தருகிறது.

பாடம் பொதுவெளியில் இல்லாமல் உள்நுழைவுக்குப் பின்னால் இருக்கும்போது வேறுவகைத் தடைகள் எழுகின்றன. பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்தும் மின்னூல்களும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் வளாகத்தின் இணைய முகவரியைக் கண்டே கதவைத் திறக்கின்றன. ஆகவே வளாகக் கணினியில் கடவுச்சொல் கேட்காமல் திறந்த கட்டுரை, விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கியவரின் மடிக்கணினியில் பணம் கேட்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்னும் கூட்டமைப்பு, மாணவர் தம் கல்லூரி அடையாளத்தைக் கொண்டே வளாகத்துக்கு வெளியிலும் இவற்றைப் பெற வழிசெய்கிறது. தம் கல்லூரி அதில் சேர்ந்திருப்பதை அறியாத மாணவர்கள் இருப்பது நூலகங்கள் உடனே களைய வேண்டிய குறை. பாடத்தளத்தின் உள்ளே வேறொரு தளத்தின் வினாடிவினாவைச் சட்டமிட்டுக் காட்டும்போது, அந்த வேற்றுத் தளத்தின் குக்கிகளை (அதாவது உள்நுழைந்தவர் இன்னார் என்று நினைவில் வைக்கும் சிறு பதிவுகளை) ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் தடுப்பதால், மாணவர் மீண்டும் மீண்டும் உள்நுழைவுப் பக்கத்துக்கே திருப்பப்படுகிறார். வினாடிவினாவைத் தனிச் சாளரத்தில் திறக்குமாறு ஆசிரியர் அமைத்துவிட்டால் இத்தடை பெரும்பாலும் நீங்கிவிடும். மாணவரின் பக்கத்திலிருந்து இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

படித்த இடத்தை நினைவில் வைக்கும் வசதியிலும் இதே வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002 ஆகஸ்டில் முதற்பதிப்பை வெளியிட்ட மூடுல் போன்ற பாடமேலாண்மை மென்பொருள்கள், மாணவர் முடித்த பகுதிகளையும் எழுதிய விடைகளையும் சேவையகத்தில் பதிவதால், ஓர் இடத்தில் நிறுத்தியதை வேறிடத்தில் தொடரலாம். உலாவியின் உள்ளேயே குறிப்புகளைச் சேமிக்கும் தளங்களில் அவை அந்தக் கணினியோடு தங்கிவிடுகின்றன; மறுதொடக்கத்தின்போது எல்லாவற்றையும் அழித்துப் பழைய நிலைக்குத் திரும்புமாறு அமைக்கப்பட்ட ஆய்வகக் கணினியில் அவை அங்கும் எஞ்சா. எந்தக் குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைத் தளம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இவை யாவும் வசதிக்குறைவு என்ற அளவில் நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் என்னும் இணையப் பாடத்தளத்தில் படித்துப் புள்ளிகள் பெறலாம் என்று 2016இல் அனுமதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஆகவே திறக்காத பாடம் இன்று மதிப்பெண்ணையும் பட்டத்தையும் பாதிக்கும் பொருளாகிவிட்டது. என்.பி.டி.இ.எல். தன் சான்றிதழ்த் தேர்வை, நேரில் சென்று எழுதும் மையங்களில் வைப்பதால், மாணவரின் வீட்டுக் கணினி எத்தகையது என்ற கேள்வி தேர்வில் எழுவதில்லை. வீட்டிலிருந்தே தேர்வெழுதச் சொல்லும் நிறுவனங்கள் பயன்படுத்தும் பூட்டிய உலாவிகளின் நிலை வேறு. அவற்றுள் பெயர்பெற்றதும், சூரிச்சில் உள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவானதுமான சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐ.ஓ.எஸ். ஆகியவற்றுக்கு மட்டுமே வெளிவருகிறது. லினக்ஸில் முழுப் பாடத்தையும் படித்து முடித்த மாணவர் தேர்வு நாளன்று வேறு கணினியைக் கடன் வாங்க வேண்டியவராகிறார். அத்தகைய தேர்வை வைக்கும் துறை, மாற்றுக் கணினி ஒன்றைத் தன் வளாகத்திலேயே ஒதுக்கித் தருவதைத் தேர்வு அறிவிப்பின் பகுதியாக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை என்பதால், நல்ல நிலையில் உள்ள பல கணினிகள் இனி ஆதரவற்ற விண்டோஸிலோ லினக்ஸிலோதான் ஓடும். கல்லூரி ஆய்வகங்களில் பழைய கருவிகளை உடனே மாற்றுவதற்கான நிதி எளிதில் கிடைப்பதில்லை. இப்போது பதிவுசெய்யப்படும் விரிவுரைகளும் எழுதப்படும் குறிப்புகளும் அக்கணினிகளில்தான் திறக்கப்படப் போகின்றன. ஆகவே ஒவ்வொரு துறையும் தன்னிடம் உள்ள மிகப் பழைய விண்டோஸ் கணினி ஒன்றிலும், லினக்ஸ் கணினி ஒன்றிலும், விலை குறைந்த கைபேசி ஒன்றிலும் பாடத்தைத் திறந்து, ஓட்டி, இறக்கிப் பார்த்த பிறகே அதை வெளியிடும் நடைமுறையை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். அதற்குத் தேவைப்படும் கருவிகள் அத்துறையின் ஆய்வகத்திலேயே இருக்கின்றன.